மதகும் மின்கம்பியும்: காவிரிப் படுகையில் பெருந்திட்டங்கள் எழுப்பிய நம்பிக்கை

1. கேள்வி

மேட்டூர் அணையில் இன்று தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று திருத்துறைப்பூண்டியிலோ பட்டுக்கோட்டையிலோ ஒரு டீக்கடையில் கேட்டால் பதிலுக்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு, வெளியேற்றம் என்ற நான்கு எண்களைத் தமிழ் நாளிதழ்கள் தவறாமல் அச்சிடுகின்றன. டெல்டாவில் அவற்றைப் படித்துவிட்டுத்தான் பலர் மற்றச் செய்திகளுக்குப் போகிறார்கள். அதே அணையில் அணை மின்நிலையம் 50 மெகாவாட்டும் சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட்டும் திறன் கொண்டவை. இந்த எண்களைக் கேட்டால் அதே டீக்கடையில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரே அணை, ஒரே தண்ணீர். அதன் ஒரு பலன் மக்கள் நினைவில் ஆழமாகப் பதிந்திருக்கிறது, இன்னொன்று பெயரில்லாமல் போய்விட்டது.

புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டங்கள் பெரிய அளவில் எழும்போது அவை மக்களுக்கு ஊக்கம் தரும் என்று அரசுகளும் பொறியாளர்களும் சூழலியலாளர்களும் பேசிவருகிறார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கரில் சூரியத் தகடுகளும் மலைக்கணவாய்களில் காற்றாலை வரிசைகளும் ஒரு சமூகத்தின் எதிர்கால நம்பிக்கைக்கு அடையாளமாகும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பைக் காவிரிப் படுகையில் வைத்துச் சோதிப்பது இக்கட்டுரையின் நோக்கம். இந்த நாட்டின் பழைமையான பெரிய நீர்மின் திட்டங்களில் ஒன்று இதே ஆற்றில்தான் 1902-ல் ஓடத் தொடங்கியது. ஆகவே நூற்றிருபது ஆண்டுக்கால அனுபவம் கையில் இருக்கிறது. அந்த அனுபவம் சொல்வதாக நான் கருதுவது இது: டெல்டா மக்கள் மனத்தில் இடம்பிடிக்கத் திட்டத்தின் பிரம்மாண்டம் போதவில்லை. தன் பங்கு எவ்வளவு, அது என்று வரும் என்பதை அளந்து பார்க்கவும், தவறினால் உரத்துக் கேட்கவும் இடமளித்த திட்டத்தையே அவர்கள் தம்முடையதாகக் கொண்டார்கள்.

2. இருவகை வாசிப்புகள்

இப்பொருள் பற்றி இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் இரு பக்கங்களில் நிற்கின்றன. முதல் பக்கம் வியப்பைப் பேசுகிறது. 1954-ல் பக்ரா-நங்கலில் நேரு அணைக்கட்டுகளைப் புதுயுகத்தின் கோயில்களோடு ஒப்பிட்டது பள்ளிப் பாடங்கள் வரை வந்துவிட்டது. அமெரிக்க வரலாற்றாய்வாளர் டேவிட் நை 1994-ல் வெளியிட்ட நூலில், பேரணைகளும் பாலங்களும் மின்விளக்கு அலங்காரங்களும் அந்நாட்டு மக்களைப் பொதுவானதொரு பரவசத்தில் பிணைத்தன என்று விரிவாக வாதிட்டார். இரண்டாம் பக்கம் இழப்பைப் பேசுகிறது: மூழ்கிய ஊர்கள், பெயர்க்கப்பட்ட குடும்பங்கள், ஒப்பந்ததாரர்களின் ஆதாயம். நேருவே 1958-ல் பாசன, மின்துறைப் பொறியாளர்களின் கூட்டத்தில், பெரிதாகக் கட்ட வேண்டும் என்பதற்காகவே பெரிதாகக் கட்டும் மோகத்தை ஒரு நோய் என்று எச்சரித்தார். அவரைப் பற்றிப் பேசும்போது முதல் பேச்சு மட்டும் நினைவுகூரப்பட்டு இரண்டாவது விடுபடுவது வருந்தத்தக்கது.

இரு வாசிப்புகளுக்கும் மேட்டூர் சான்று தருகிறது. 120 அடி முழுக்கொள்ளளவும் 93.47 டி.எம்.சி. நீர் இருப்பும் கொண்ட அந்த ஏரியைப் பார்த்து மலைக்காதவர் இல்லை. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிகின்றன. அணைக்காகக் காலி செய்யப்பட்ட ஊர்களின் எச்சங்கள் அவை. ஆனால் இந்த இரு வாசிப்புகளும் அணை நிற்கும் இடத்திலேயே நின்றுவிடுகின்றன. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து கடைமடைக்கு இன்னும் பல நாள். அந்தத் தொலைவில் வாழ்பவர்கள் அணையைக் கண்ணால் பார்க்காமலே அதனோடு உறவு கொண்டவர்கள். வியப்பும் இழப்பும் அவர்களது உறவை முழுதாக விளக்குவதில்லை.

3. மின்சாரத்தில் முளைத்த வழக்கு

காவிரியின் முதல் பெரிய மின் திட்டம் டெல்டாவுக்கு மகிழ்ச்சியாக வந்து சேரவில்லை. மைசூர் திவான் கே. சேஷாத்ரி ஐயர் முன்னின்று தொடங்கிய சிவசமுத்திர நீர்மின் நிலையம் 1902 ஜூனில் இயங்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் மறைந்துவிட்டார். ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துக் கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் கொண்டு சென்றது அந்நாளில் உலகமே கவனித்த சாதனை. 1905-ல் பெங்களூர்த் தெருவிளக்குகள் அதே மின்சாரத்தில் எரிந்தன. மைசூர் மக்கள் பெருமைப்பட எல்லா நியாயமும் இருந்தது.

ஆனால் அருவி ஆண்டு முழுவதும் ஒரே சீராக விழுவதில்லை. தங்கச் சுரங்கத்தின் இயந்திரங்களுக்கோ கோடையிலும் மின்சாரம் வேண்டும். மழைக்காலத்து நீரைத் தேக்கிவைத்துச் சீராக விட்டால்தான் அது முடியும். கண்ணம்பாடியில் 1911-ல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணைக்குப் பாசனம் போலவே இந்தத் தேவையும் ஒரு காரணம். கீழே சென்னை மாகாணத்தின் அச்சமும் அங்கேதான் பிறந்தது. நெல்லுக்கு வேண்டிய நீரின் காலக்கணக்கும் மின்சாரத்துக்கு வேண்டிய நீரின் காலக்கணக்கும் வேறுவேறு. நாற்றங்கால் விடும் ஜூனிலும் நடவு நடக்கும் ஜூலையிலும் பெருகி வர வேண்டிய தண்ணீர் பன்னிரண்டு மாதங்களுக்குப் பரப்பி விடப்பட்டால் ஆண்டு மொத்தம் குறையாவிட்டாலும் குறுவை போய்விடும். பல ஆண்டு வாதப் பிரதிவாதங்களுக்குப் பிறகு 1924 பிப்ரவரியில் கையெழுத்தான உடன்படிக்கை கிருஷ்ணராஜசாகருக்கு 44.827 டி.எம்.சி., மேட்டூருக்கு 93.5 டி.எம்.சி. என்று வகுத்தது.

காவிரி வழக்கைப் பாசனப் பங்கீட்டுச் சண்டையாக மட்டும் படிப்பது வழக்கம். அதன் வேர்களில் ஒன்று மின்சாரம் என்பதை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

4. மேட்டூர்: நெல்லுக்குக் கட்டுப்பட்ட மின்சாரம்

1925-ல் தொடங்கிய மேட்டூர் அணைப் பணி 1934-ல் முடிந்தது; அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று மாகாண ஆளுநர் ஸ்டான்லி திறந்துவைத்தார். மின் உற்பத்தி மூன்றாண்டுகள் கழித்து, 1937-ல் தொடங்கியது. சுரங்க மின்நிலையம் 1960-களில் சேர்ந்தது. பிற்பாடு அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை முதலிய இடங்களில் கதவணைகள் கட்டப்பட்டு, மேட்டூரில் ஒருமுறை சுழலியைச் சுற்றிய அதே தண்ணீர் வழியெங்கும் மீண்டும் மீண்டும் மின்சாரம் தந்தது.

இந்த ஏற்பாட்டின் மிக முக்கியமான விதி எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்படவில்லை. மேட்டூரில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறப்பதில்லை. பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரில்தான் மின்சாரம். ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும் மரபுக்குச் சுழலிகளும் கட்டுப்பட்டவை. மதகு மூடியபின் குடிநீருக்கு விடும் சிறிதளவு நீரில் கிடைக்கும் உற்பத்தி சொற்பம். சிவசமுத்திரத்தில் ஆற்றின் காலக்கணக்கை மாற்றும்படி இயந்திரம் கேட்டது. மேட்டூரில் இயந்திரம் நெல்லின் காலக்கணக்கை ஏற்றுக்கொண்டது. டெல்டா மக்கள் மேட்டூரை ஒருபோதும் மின்திட்டம் என்று சந்தேகிக்காததற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

அணையால் டெல்டா அடைந்தது என்ன? பழைய டெல்டாவுக்கு அது புதிய தண்ணீரைவிட உறுதியைத்தான் அதிகம் தந்தது. வெள்ளம் அடங்கியது, தேதி கிடைத்தது. வெள்ளத்தோடு வந்த வண்டலில் பெரும்பகுதி அணையிலேயே தங்கிவிட்டது என்ற இழப்பையும் சேர்த்தே எழுத வேண்டும். புதிய தண்ணீர் போன இடம் வேறு. கல்லணையிலிருந்து பிரிந்து தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டி ஓடும் கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்க்காரர்கள் இன்றும் புது ஆறு என்கிறார்கள். அதுவும் வடவாற்று நீட்டிப்பும் சேர்ந்து ஏறத்தாழ 3 லட்சம் ஏக்கரைப் பாசனத்துக்குள் கொண்டுவந்தன. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று மானாவாரியாகக் கிடந்த மேட்டுநிலங்கள் நெல் கண்டன. மேட்டூர் என்ற பெயர் அங்கே ஒலிக்கும் விதமே வேறு.

மின்சாரமும் வந்தது. திருச்சி வழியாகத் தஞ்சை மாவட்டத்துக்கு மேட்டூர் மின்சாரம் வந்தது. நகரங்களில் விளக்கெரிந்தது, அரிசி ஆலைகள் ஓடின. ஆனால் அதன் பெரும்பங்கு ஆலைகளுக்குப் போனது. மேட்டூரிலேயே ரசாயனத் தொழிலும் நூற்பாலையும், 1965 முதல் அலுமினிய உருக்காலையும் எழுந்தன. டெல்டாவின் குடிசைகளுக்கு விளக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. வந்தபோது அது பல நிலையங்களின் மின்சாரம் கலந்து வரும் பொதுத் தொகுப்பிலிருந்து வந்தது. இது மேட்டூர் மின்சாரம் என்று சுட்டிக்காட்ட வழியில்லை.

மின்சாரத்தை டெல்டா விரும்பவில்லை என்று இதற்குப் பொருளல்ல. ஃபில்டர் பாயின்ட் எனும் குழாய்க்கிணறு போட்டுக் குறுவையைக் காப்பாற்றிய எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மேட்டூர் திறப்பு ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் தள்ளிப்போன 2012 முதலான ஆண்டுகளில், 2017-ல் அக்டோபர் 2 வரை மதகு மூடிக்கிடந்தபோது, ஆழ்குழாய் உள்ளவர்களே நாற்று விட்டார்கள். மும்முனை மின்சாரம் என்பது டெல்டாவில் மறியல் நடத்தும் அளவுக்கு உயிர்ப்பிரச்சினை. தென்மேற்குப் பருவக்காற்றில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் முழுவீச்சில் சுழலும் மே முதல் செப்டம்பர் வரையிலான காலமும் குறுவைக் காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். திருவாரூரில் மோட்டார் ஓடும் மின்சாரத்தில் குமரியின் காற்றும் கலந்திருக்கிறது. அப்படியிருந்தும் காற்றாலையைத் தன் பயிரைக் காத்தது என்று எந்தத் திருவாரூர் விவசாயியும் எண்ணிப் பார்க்கக் காரணம் இல்லை. கம்பியில் வருவதற்கு ஊரும் தேதியும் கிடையாது. மின்வெட்டு நேரும்போது மட்டுமே அது கண்ணில் படுகிறது.

இந்த விளக்கத்துக்கு ஒரு மறுப்பு உண்டு. தண்ணீர் என்றாலே தமிழர்களுக்குப் பக்தி. ஆகவே எந்த அணையும் தானாகவே நேசிக்கப்படும் என்று சொல்லலாம். தேனி மாவட்டம் இதற்குச் சான்றாகக் காட்டப்படும். 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் பொறியாளர் பென்னிகுயிக்குக்கு அங்கே பொங்கல் வைக்கிறார்கள்; லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அதே லோயர் கேம்ப்பில் இருக்கும் பெரியாறு நீர்மின் நிலையத்தைக் கொண்டாட யாரும் இல்லை. இதுவரை மறுப்பு பொருந்துகிறது. ஆனால் மேட்டூரை வடிவமைத்த கர்னல் எல்லிஸுக்கு டெல்டாவில் பொங்கல் இல்லை. அவர் பெயர் அணையின் உபரிநீர்ப் போக்கியில் மட்டுமே வாழ்கிறது. கரிகாலன் பெயரில் கல்லணை இருக்கும் நாட்டில் இன்னொரு கட்டடக் கலைஞனுக்கு இடமில்லாமல் போனது ஒரு காரணமாகலாம். எனக்கு வலுவாகத் தோன்றும் காரணம் வேறு. பழைய டெல்டாவில் மேட்டூர் ஒரு கொடையாக வரவில்லை. ஏற்கெனவே இருந்த உரிமையை முறைப்படுத்தும் ஏற்பாடாக வந்தது. கொடை தந்தவரை வணங்குவார்கள். உரிமையை எண்ணிப் பார்த்து வாங்குவார்கள். நாளிதழின் அந்த நான்கு எண்கள் எண்ணிப் பார்ப்பதற்கானவை.

ஜூன் 12-ன் அரசியலையும் இவ்வாறே புரிந்துகொள்ள வேண்டும். 2018 ஜூலையில் எடப்பாடி பழனிசாமி நேரில் சென்று மதகைத் திறந்தார். அதற்கு முன் முதலமைச்சர் எவரும் அப்படிச் செய்ததில்லை. 2022-ல் மு.க. ஸ்டாலின் மே 24 அன்றே திறந்தார். பூத்தூவும் அந்தக் காட்சியை வெறும் விளம்பரம் என்று தள்ளுபவர்கள், அது அரசை ஒரு தேதிக்குப் பிணைக்கிறது என்பதைக் காணத் தவறுகிறார்கள். தேதி தவறினால் அது தவறியது என்று அனைவருக்கும் தெரியும். தண்ணீர் வருவதற்குள் தூர்வாரும் பணி முடிந்ததா, கடைமடைக்கு என்று போய்ச் சேரும் என்ற கேள்விகள் அத்தேதியைப் பற்றிக்கொண்டு எழுகின்றன. இந்நாட்டில் ஒரு மின்நிலையமும் இப்படித் தேதி வைத்து மக்களுக்குக் கணக்குச் சொல்வதில்லை.

5. மேக்கேதாட்டு: ஒரே திட்டம், இரு மனங்கள்

கர்நாடகம் முன்வைக்கும் மேக்கேதாட்டு அணைத் திட்டம் 67.16 டி.எம்.சி. கொள்ளளவும் 400 மெகாவாட் நீர்மின் உற்பத்தியும் கொண்டது; மதிப்பீடு ஏறத்தாழ 9,000 கோடி ரூபாய். பெங்களூருக்குக் குடிநீர், மாநிலத்துக்குக் கரியில்லா மின்சாரம் என்று அது விளக்கப்படுகிறது. 2022 ஜனவரியில் கர்நாடகக் காங்கிரஸ் அதற்காக நடைப்பயணமே நடத்தியது. அவ்வாண்டு மார்ச்சில் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மேலே உற்சாகம் தரும் அதே திட்டம் கீழே தூக்கத்தைக் கெடுக்கிறது.

நீர்மின் உற்பத்தியில் தண்ணீர் செலவாவதில்லை, சுழலியைக் கடந்து கீழேதானே வரும் என்பது மேக்கேதாட்டுக்கு ஆதரவாக வைக்கப்படும் வாதம். அளவைப் பொறுத்தவரை அது சரி. காலத்தைப் பொறுத்தவரை போதாது. மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018-ல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்த பங்கு மாதவாரியாக வர வேண்டியது. இன்னொரு பெருந்தேக்கம் இடையில் வந்தால் ஜூனிலும் ஜூலையிலும் யார் கை மதகில் இருக்கும் என்பதே தஞ்சாவூரின் கேள்வி. புதுப்பிக்கத்தக்கது என்ற தகுதி மட்டும் ஒரு திட்டத்தை எல்லோருக்கும் நல்லதாக்கிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

6. அச்சத்தின் ஆண்டுகளும் ஒரு புயலும்

எரிசக்தி என்ற சொல்லே கடந்த பதினைந்தாண்டுகளாக டெல்டாவில் அச்சத்தைத் தருகிறது. 2010-ல் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க மத்திய அரசு அளித்த உரிமம், அதற்கெதிராக இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் மேற்கொண்ட நடைப்பயணங்கள், அந்தப் பிரசாரத்தின் நடுவே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் மறைவு, 2017-ல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு எதிராக எழுந்த போராட்டங்கள், 2023 ஏப்ரலில் வடசேரி உள்ளிட்ட பழுப்பு நிலக்கரித் தொகுதிகளின் ஏல அறிவிப்பும் அதன் வாபஸும். ஒவ்வொரு முறையும் நிலத்தின் கீழே இருப்பதைப் பற்றி முடிவெடுத்தவர்கள் நிலத்தின் மேலே இருந்தவர்களிடம் கேட்கவில்லை. 2020 பிப்ரவரியில் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இந்தப் போராட்டங்களின் விளைச்சல். துத்தநாக, செம்பு, அலுமினிய உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள், கப்பல் உடைப்பு, எண்ணெய் எரிவாயு அகழ்வு ஆகியவற்றை அது தடை செய்கிறது. சூரியமின் பூங்கா அந்தப் பட்டியலில் இல்லை.

மின்சாரம் டெல்டாவில் மக்களை மனம் நெகிழவைத்த ஒரு தருணமும் உண்டு. அது புதிய திட்டத்தால் வந்ததல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளிமாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் இடுப்பளவுச் சேற்றில் கம்பங்களைத் தோளில் சுமந்து வயல்களுக்குள் நட்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் விளக்கு வந்த இரவில் மக்கள் அவர்களைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாக நடத்தினார்கள். இருட்டில் கிடந்த நாட்களில் மட்டும் மின்சாரத்துக்கு முகமும் ஊரும் தேதியும் கிடைத்தன. பெரிய திட்டங்களின் ஊக்கத்தைப் பற்றி எழுதுவோர் பழுது நீக்குபவர்களைக் கணக்கில் கொள்ளாதது பெரிய குறை.

7. சூரியத் தகடும் குத்தகை நிலமும்

இனி வரப்போவது சூரியன். 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் எழுந்தபோது உலக அளவில் அது செய்தியானது. அப்படியொன்றை டெல்டாவில் நினைத்துப் பார்ப்பது எளிதல்ல. கமுதியின் கரிசல் காடு வேறு, முப்போகம் கண்ட வண்டல் வேறு. சம்பா வளரும் வடகிழக்குப் பருவத்தில் வானம் மூடிக்கிடக்கும். புயலும் அப்போதே வரும். நெற்பயிருக்கு மேலே உயரத்தில் தகடுகளை அமைத்து இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்கிறார்கள். ஜப்பானில் இதற்கு 2013-லிருந்து விதி உண்டு: அந்த வட்டாரத்தின் சராசரி விளைச்சலில் இருபது சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. பூக்கும் தருணத்தில் வெயில் குறைந்தால் பதர் கூடும் என்பதை நம் விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொழில்நுட்பத்தைவிடக் கடினமானது பங்குக் கணக்கு. மக்கள் பங்கு கொண்ட முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. கோபன்ஹேகன் கடலில் 2000-ல் நிறுவப்பட்ட 40 மெகாவாட் மிடில்கிருண்டன் காற்றாலையில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர் கொண்ட கூட்டுறவுக்குச் சொந்தம். இங்கேயே கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கி, தன் தேவைபோக மீதியை மின்வாரியத்துக்கு விற்றது. கமுதியோடு ஒப்பிட்டால் அளவில் அது எதுவுமே இல்லை. இருந்தும் அந்தச் சிற்றூரைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கடனை அடைத்த கதையை ஊரார் சொல்ல அவர்கள் கேட்டார்கள்.

கர்நாடகத்தின் பாவகடா சூரியமின் பூங்கா இன்னொரு வழி. 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். நிலத்தை விலைக்கு வாங்காமல் விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டாண்டுக்கு ஒருமுறை ஐந்து சதவீத உயர்வு. வறண்டு கிடந்த நிலத்துக்கு அது நல்ல வருமானம். ஆனால் வருமானம் நிலம் உள்ளவருக்கு. அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவருக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை.

பாவகடாவின் ஏற்பாட்டைத் தஞ்சைக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதை இம்மண்ணின் நில வரலாறு சொல்லும். கோயில்களும் மடங்களும் பெருமளவு நிலம் வைத்திருக்கும் நாடு இது. 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தும், 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தும், 1968-ல் கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பத்தினர் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்டார்கள். நடவும் களையும் அறுவடையும்தான் இங்கே நிலமற்றவரின் பங்கு. வயல் தகடாக மாறும் நாளில் அந்தப் பங்கு எவ்வித அறிவிப்பும் இல்லாமல் மறைந்துவிடும். சாகுபடி செய்பவரின் பெயரைப் பதிவதற்கு 1969-லேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருக்கிறது. வாய்மொழிக் குத்தகையில் உழுபவர்கள் பலர் அந்தப் பதிவேட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். டெல்டாவில் சூரியமின் திட்டம் பேசுவோர் முதலில் திறக்க வேண்டியது அந்தப் பதிவேட்டை. அது சரிசெய்யப்படாத வரை, மின்சாரத்துக்கான வாடகை பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கே போகும்.